புதுப்பிப்பு: அப்பாவின் கணக்குப் பிழைக்கு வயது காரணமில்லை

மூன்று வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன்: கல்லடியில் எங்கள் பலசரக்குக் கடையில் அப்பா மிச்சக் காசைத் தவறாகக் கொடுக்கிறார், ஒரே கடனைக் கொப்பியில் இரண்டு தடவை எழுதுகிறார், இது வயதின் மறதியா என்று. இரத்தத்தில் சீனியின் அளவைப் பார்க்கச் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கொப்பியைப் புரட்டினேன். காலையில் எழுதியவை முத்துமுத்தாக இருக்கின்றன. பிழைகள் எல்லாம் பகல் ஒன்றரைக்குப் பிறகுதான். ஒரு நாள் அந்த நேரத்தில் விரலைக் குத்திப் பார்த்தோம்: 58. நெற்றி வியர்த்து, கையில் பேனை நடுங்கிக்கொண்டிருந்தது. காலையில் நீரிழிவுக்கான கிளிக்லசைட் குளிசை போட்டுவிட்டு, கடையில் கூட்டம் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட்டிருக்கிறார். சாப்பிடாவிட்டாலும் அந்தக் குளிசை இன்சுலினைச் சுரக்கவைக்கும். மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான்; உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கே போகிறது. சீனி 70க்குக் கீழே இறங்க இறங்க, கவனம் தடுமாறாமல் என்ன செய்யும்? மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுத்தோம். 15 நிமிடம் கழித்து 94.

டாக்டர் குளிசையின் அளவைக் குறைத்திருக்கிறார். பன்னிரண்டரைக்கு நான் கடையில் நிற்கிறேன், அப்பா சாப்பிடப் போகிறார். இரவில் சிறுநீருக்கு நாலைந்து தடவை எழும்புவது இன்னும் தீரவில்லை.

ஆட்கள் முன்னால் அவரைக் கடிந்துகொண்டேன். அதுதான் நெஞ்சை அறுக்கிறது. அந்த வெட்கத்தில் வாவிக்கரையில் கூடும் நண்பர்களிடம் போவதையே விட்டிருந்தார். நேற்று மாலை போய்வந்தார்.