வலுவிழந்த உணவுக்குழாய்க்கு முழுச்சுற்றுப் போடலாமா?

வேம்பு:
இரைப்பை அமிலம் மேலேறி வரும் எதுக்களிப்பு நோய்க்கான அறுவையில் இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயின் அடிமுனையைச் சுற்றிப் போர்த்தித் தைக்கிறார்கள். விழுங்கியதைக் கீழே தள்ளும் தசையலை நலிந்தவருக்கு நிஸ்ஸன் முறைப்படி 360 பாகையும் சுற்றினால், தள்ள வலுவில்லாதவருக்கு எதிரே கதவை இறுக்கியது போலாகும். அவருக்கு 270 பாகைச் சுற்றான டூப்பே முறையே பொருந்தும். எனவே முறையை மேனோமெட்ரி அழுத்தப் பரிசோதனைதான் தீர்மானிக்க வேண்டும்.

கருங்கல்:
பரிசோதனை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை, ஏனெனில் உணவுக்குழாயின் அடிவாயில் தளர்ந்து திறக்காத அகலேசியா நோயை எதுக்களிப்பு என்று தவறாகக் கருதி அறுத்துவிட்டால் நோயாளியின் நிலை மோசமாகும். ஆனால் தசைவலுவின்படி நோயாளிகளைப் பிரித்து இரு முறைகளையும் ஒப்பிட்ட 2008ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆய்வில், ஓராண்டுக்குப் பின் விழுங்கற் சிரமம் நிஸ்ஸன் செய்துகொண்டவர்களிடம் கூடுதலாக இருந்ததே தவிர, வலுவுள்ளவருக்கும் வலுவற்றவருக்கும் இடையே அறிகுறிகளில் வேறுபாடு காணப்படவில்லை. அப்படியானால் டூப்பேயின் நன்மை எல்லோருக்கும் உரியது. தசையைக் காரணம் காட்டத் தேவையில்லை.

வேம்பு:
'வலுவற்றவர்' என்று ஒரே கூடையில் போடுவதில்தான் சிக்கல். 2021இல் வெளியான உணவுக்குழாய் இயக்கக் கோளாறுகளை வகைப்படுத்தும் நான்காம் சிகாகோ வகைப்பாட்டின்படி, 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட விழுங்கல்கள் பயனற்றுப் போனாலோ, குறைந்தது பாதி முற்றிலும் தோற்றாலோதான் இயக்கக்குறை என்று சொல்ல முடியும். தவிர, 2 மில்லி நீரை ஐந்து முறை அடுத்தடுத்து விழுங்கச் செய்து, இறுதியில் எழும் சுருக்கம் முன்னதைவிட வலுக்கிறதா என்று பார்ப்பதுண்டு. இப்படி வலுக்கும் 'சேமிப்பு வலு' இல்லாதவர்களுக்கு அறுவைக்குப் பின் நெடுநாள் சிரமம் நீடிக்கும் வாய்ப்பு அதிகம் எனச் சில சிறு ஆய்வுகள் காட்டியுள்ளன.

கருங்கல்:
சிறு ஆய்வுகள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். தோலும் உள்ளுறுப்புகளும் தடித்து இறுகும் ஸ்க்லீரோடெர்மா நோயில் காண்பதுபோல் சுருக்கமே அற்றுப்போன குழாய்க்கு முழுச்சுற்றுக் கூடாது என்பதை நானும் ஏற்கிறேன். மற்றவர்களுக்கு முதல் சில வாரங்களில் தொண்டைக்குக் கீழே உணவு நிற்பது பெரும்பாலும் தையலிடத்து வீக்கத்தால். அது இரண்டு மூன்று மாதங்களில் தணியும். தணியாவிட்டால் சுற்று இறுக்கமா, நீளமா, இடம் பெயர்ந்ததா, உதரவிதானத் துளையை அதிகமாகச் சுருக்கித் தைத்தார்களா என்று தேடாமல், பழியைத் தசைமேல் போடுவது அறுத்தவருக்கு வசதியான விடை.

வேம்பு:
இறுக்கத்தை முதலில் தேட வேண்டும் என்பது சரி. ஆனால் சேமிப்பு வலு இல்லை என்று முன்பே தெரிந்த ஒருவருக்கு, நீண்டகால எதுக்களிப்புக் கட்டுப்பாட்டில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்னும்போது, முழுச்சுற்றைத் தேர்ந்தெடுக்க நீங்கள் சொல்லும் காரணம் என்ன?