மாதிரி ரயில் ‘லேஅவுட்’டுக்குத் தமிழ்ச்சொல்: தடக்கோலமா, ரயில் களமா?

குன்னூரிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம்.

நீலகிரி மலை ரயிலின் கல்லாறு–குன்னூர் பாதையை 1:87 அளவையில், அதாவது அசலில் 87-இல் ஒரு பங்காக, செய்வதற்கான தமிழ்க் கையேடு பாதியில் நிற்கிறது. தச்சு வேலையும் மின்வேலையும் எழுதியாயிற்று. முதல் வரிதான் இடிக்கிறது. பலகை மேல் தடம் கட்டி மாதிரி ரயில் ஓட்டும் அமைப்பை ‘லேஅவுட்’ என்று எழுதினால் நம் மலையில் யாருக்கும் ரயில் நினைவுக்கு வராது, வீட்டுமனைதான் வரும். அலுவலகத் தமிழில் அதற்கு மனைப்பிரிவு என்று பெயர். ‘பொம்மை ரயில் அமைப்பு’ என்றால் இன்னும் குழப்பம். ஊட்டிக்கு வருகிறவர்கள் பொம்மை ரயில் என்று சொல்வது மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கி.மீ. ஏறிவருகிற அசல் ரயிலை. அசலுக்கே அந்தப் பெயர் போய்விட்ட ஊரில் சின்ன ரயிலை என்னவென்று அழைப்பது?

என் முன்மொழிவு: தடக்கோலம். தடம் பிரிந்து, வளைந்து, கூடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வது சிக்குக்கோலம் போலத்தானே இருக்கிறது. குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

கோத்தகிரியிலிருந்து:

அண்ணா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் கோலம் போட்டு முடித்தால் வேலை முடிந்தது. இங்கே தடம் போட்டு முடித்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. ஓட்டுவதற்காகத்தான் இதைச் செய்கிறோம். அந்த ஓட்டம் சொல்லில் இல்லை.

யாராவது எழுதுவதற்கு முன் கழிக்க வேண்டியவற்றைக் கழித்துவிடுகிறேன். தடக்களம் ஆகாது, தடகளப் போட்டிக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஓடுதளம் விமான நிலையத்துக்குப் போய்விட்டது. தடமேடை என்று வாயால் சொன்னால் நடைமேடை என்றுதான் காதில் விழும். மிஞ்சுவது ரயில்களம். நெற்களம், போர்க்களம், ஆடுகளம் எதை எடுத்தாலும் களம் என்றால் அங்கே ஏதோ நடக்கிறது.

கேத்தியிலிருந்து:

இரண்டு பேர் சொல்வதும் சரி, ஏனென்றால் நீங்கள் பேசுவது இரண்டு வெவ்வேறு பொருளைப் பற்றி. தாளில் வரைவது தடக்கோலம். பலகை மேல் கட்டி ஓட்டுவது ரயில்களம். ஆங்கிலத்திலும் இவற்றுக்கு இரண்டு சொல் உண்டு. நாம் ஒன்றை வைத்து இரண்டையும் சமாளிக்கப் பார்த்தால் கையேட்டின் மூன்றாம் பக்கத்திலேயே சிக்கிக்கொள்வோம்.

இது வெறும் சொல் நுணுக்கம் இல்லை. கோலத்தில் உயரம் கிடையாது. தாளில் ஒரு கோட்டை இன்னொரு கோடு தாண்டிப் போவதற்குப் பென்சிலை இழுத்தால் போதும். பலகையில் ஒரு ரயிலுக்கு மேல் இன்னொரு ரயில் போக வேண்டுமானால் 1:87-இல் தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் 8 செ.மீ. உயரம் வேண்டும். குன்னூருக்கு மேலே உள்ளது போல 25-க்கு 1 சரிவில் அந்த 8 செ.மீ. ஏற 2 மீட்டர் நீளம் தேவை. எஞ்சினின் பற்சக்கரம் பிடித்து ஏறுகிற பற்சட்டத்தோடு 12-க்கு 1 என்றாலும் 96 செ.மீ. ஆகும். கோலத்தைக் களம் என்று நினைத்துக்கொண்டு பலகை அறுப்பவர்கள் மாட்டுவது இந்த இடத்தில்தான்.

ஒரு சொல் தேறுமா என்று பார்க்க, அதை வைத்து நாலு வரி வேலைக்குறிப்பு எழுதிப் பார்ப்பேன். கீழே இருப்பது அந்தச் சோதனை.

“ரயில்களத்தை 120×60 செ.மீ. அடிப்பலகைகளாகப் பிரித்துக்கொள்ளவும். 9 மி.மீ. பிளைவுட், அடியில் 7 செ.மீ. உயரச் சட்டம், 40 செ.மீ.-க்கு ஒரு குறுக்குச் சட்டம். பலகையின் மேலும் கீழும் விளிம்புகளிலும் வார்னிஷ் அடிக்கவும். மேல்பக்கம் மட்டும் அடித்தால் அடிப்பக்கம் பனியையும் ஈரத்தையும் குடித்துப் பலகை வளையும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறியிருக்கும் பலகையில் இடைவெளியே விடாமல் தண்டவாளத்தைப் பொருத்தினால், மாசியில் பலகை சுருங்கும்போது தண்டவாளத்துக்குப் போக இடமில்லாமல் வளைவில் வெளியே பிதுங்கும். மீட்டருக்கு ஒரு இணைப்பில் அரை முதல் ஒரு மி.மீ. இடைவெளி விடவும். வளைவில் விழும் இணைப்பை மட்டும் பற்றவைத்து, இடைவெளியை நேர்தடத்துக்குத் தள்ளவும். தண்டவாளத் துண்டுகளைக் கோக்கும் இணைப்புத் தகடு மின்சாரத்தைக் கடத்தும் என்று நம்ப வேண்டாம். ஈரத்தில் அது முதலில் கறுக்கும். பலகைக்கு அடியில் 1.5 சதுர மி.மீ. முதன்மைக் கம்பி இரண்டு ஓடட்டும். ஒவ்வொரு தடத்துண்டிலிருந்தும் 0.5 சதுர மி.மீ. ஊட்டுக்கம்பி இறங்கி அதில் சேரட்டும். முடிந்ததும் களத்தின் கடைக்கோடியில் இரண்டு தண்டவாளத்தின் மேலும் படும்படி ஒரு நாணயத்தை வைக்கவும். தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் மின்பெட்டி உடனே தன்னை அணைத்துக்கொண்டால் கம்பி வேலை சரி. அணையாமல் சூடேறினால் கம்பி மெலிது, அல்லது எங்கோ பற்றவைப்பு பிடிக்கவில்லை.”

சொல் தாங்குகிறது. “தடக்கோலத்தின் கடைக்கோடியில் நாணயத்தை வைக்கவும்” என்று மாற்றி எழுதிப் பாருங்கள், யாராவது தாளின் மேல் நாணயத்தை வைப்பார்கள்.

அருவங்காட்டிலிருந்து:

கேத்திக்காரர் வாதம் எனக்கு ஒப்பு. ஒரு திருத்தம்: ‘ரயில்களம்’ என்று சேர்த்து எழுதினால் வேகமாகப் படிக்கிற கண் அதை ‘ரயில்களும்’ என்றே படிக்கும். இரண்டு முறை எனக்கே அப்படி ஆயிற்று. புணர்த்தி ‘ரயிற்களம்’ ஆக்கலாம் என்று இலக்கணக்காரர் சொல்லக்கூடும். இரவல் சொல்லுக்கு அந்தச் சட்டையைப் போட்டுப் பார்க்க வேண்டாம். ‘ரயில் களம்’ என்று பிரித்தே எழுதுவோம். இடம் தெளிவானதும் களம் என்று சுருக்கிக்கொள்ளலாம்.

பற்சட்டம் என்ற சொல்லை அவர் கேள்வியே இல்லாமல் பயன்படுத்திவிட்டார். எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் கையேட்டில் அதற்கு விளக்கம் வேண்டும், ஏனென்றால் செய்தித்தாள்கள் ‘பல்சக்கரத் தண்டவாளம்’ என்று எழுதிப் பழக்கிவிட்டன. சக்கரம் எஞ்சினில் இருக்கிறது, தடத்தில் இருப்பது சட்டம். தடத்தில் கிடப்பது பற்சட்டம், எஞ்சினுக்கு அடியில் சுழல்வது பற்சக்கரம். நம் பாதையில் இருப்பது ஆப்ட் முறை. இரண்டு சட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி. அதை இரட்டைப் பற்சட்டம் என்று தனியாகக் குறிக்கலாம். மாதிரியில் பெரும்பாலும் ஒற்றைச் சட்டம் போதும்.

‘அலங்காரத்துக்குத்தானே, சட்டம் எதற்கு’ என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. பெட்டி ஒன்று 90 கிராம், நாலு பெட்டி 360. எஞ்சின் 250 கிராம். 12-க்கு 1 ஏற்றத்தில் மொத்த எடை 610 கிராமின் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 51 கிராம், கீழே இழுக்கும். வழுவழுத் தண்டவாளத்தில் எஞ்சின் சக்கரம் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் பிடிக்கும், அது 50 கிராம். உராய்வைச் சேர்க்கும் முன்பே வண்டி நின்ற இடத்தில் சக்கரம் வழுக்கிக்கொண்டிருக்கும். பெட்டியை லேசாக்கலாமே என்றால், வண்டி தடம் இறங்கும். நம் வழக்கப்படி எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று தள்ளுகிறது. தள்ளப்படுகிற லேசான பெட்டி வளைவில் வெளிப்பக்கம் எழும்பும். இழுத்து ஓட்டினால் பிழைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் மலை ரயிலைப் பார்த்த எந்தப் பிள்ளையும் சிரிக்கும்.

பற்சக்கரம் பொருத்தும்போது சட்டத்துக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு மெல்லிய தாளை வைத்து, தாள் கிழியாமல் நகரும் உயரத்தில் நிறுத்தவும். பல் ஆழமாக இறங்கினால் எஞ்சினின் மற்றச் சக்கரங்கள் தண்டவாளத்தை விட்டு எழும்பி மின்சாரம் விட்டுவிட்டு வரும். மேலே நின்றால் பல் தாவும், தாவத் தாவத் தேயும். சட்டம் தொடங்கும் முனையைச் சாய்வாக அராவி, அடியில் சின்ன ஸ்பிரிங் வைக்க வேண்டும். பல்லின் மேல் பல் வந்து நின்றால் சட்டம் அமுங்கி வழிவிட்டு, அடுத்த பல்லில் பொருந்தும். இந்தத் துண்டுக்கு ‘நுழைசட்டம்’ என்று பெயர் வைக்கலாமா? சமதளத்திலிருந்து நேரே 12-க்கு 1-க்குத் தாவவும் கூடாது. 40 செ.மீ. நீளத்தில் 50-க்கு 1, 25-க்கு 1 என்று படிப்படியாகச் சரிவைக் கூட்டாவிட்டால் கொக்கிகள் கழன்றுவிடும்.

கோத்தகிரியிலிருந்து:

நுழைசட்டம் நல்ல சொல், என் வாக்கு அதற்கே.

இரண்டு தடம் பிரியும் இடத்தில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் அந்த ‘ஃபிராக்’கை வரைவில் ‘தவளை’ என்று பெயர்த்திருக்கிறீர்கள் அண்ணா. தயவுசெய்து வேண்டாம். குதிரைக் குளம்பின் அடிப்பகுதிக்கும் ஆங்கிலத்தில் ‘ஃபிராக்’ என்றே பெயர்; அதைப் பார்த்து வைத்ததாகச் சொல்லப்படும் பெயரை நாம் குளத்தில் தேட வேண்டியதில்லை. கிளை பிரிகிற இடம் நமக்குக் கவை, கவட்டை. தடம் பிரிகிற இடத்தில் இருப்பது தடக்கவை. நகர்கிற இரண்டு துண்டும் நாக்குத் தண்டவாளம், முழு அமைப்பும் பிரிதடம். “உலோகத் தடக்கவையின் இரு பக்கமும் நெகிழி இணைப்பி போடவும், நாக்கு நகரும்போதே கவையின் மின்முனையும் மாறும்படி விசையை இணைக்கவும், இல்லையேல் சக்கரம் ஏறியதும் குறுக்கிணைப்பு (ஷார்ட் சர்க்யூட்)” என்று எழுதிப் பார்த்தேன், நிற்கிறது. பிரிதடத்துக்கு ஜல்லி ஒட்டும்போது நாக்கிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளியே பசை சொட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். ஒரு பங்கு ஃபெவிகால், மூன்று பங்கு தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. சமவெளிக் கையேடுகள் ஒரு ராத்திரியில் காயும் என்கின்றன. நம் பனியில் இரண்டு நாள் தொடாமல் இருக்க வேண்டும்.

கோலத்தை விட்டுவிட மனமில்லாதவர்களுக்கு ஒன்று: ஓடாமல் காட்சிக்கு மட்டும் நிற்கிற சின்ன அமைப்பை ‘ரயில் கொலு’ என்று சொல்லலாம். கொலுவில் பூங்கா வைத்து அதில் ரயில் நிறுத்துகிற வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது.

குன்னூரிலிருந்து:

தோற்றதில் வருத்தமில்லை, தடக்கோலத்துக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. வரைவில் மாற்றியவை: தாளில் தடக்கோலம், பலகையில் ரயில் களம், காட்சிக்கு ரயில் கொலு, பற்சட்டம், பற்சக்கரம், நுழைசட்டம், பிரிதடம், நாக்குத் தண்டவாளம், தடக்கவை. ‘கேஜ்’, ‘ஸ்கேல்’ இரண்டையும் பிரித்துக் காட்ட, பள்ளி வரைபடத்தில் உள்ள ‘அளவை’யை ஸ்கேலுக்கும், ‘தட அகலம்’ என்பதைக் கேஜுக்கும் வைத்திருக்கிறேன். 1:87 அளவையில் நம் 1000 மி.மீ. பாதை 11.5 மி.மீ. ஆகும். கடையில் கிடைப்பது 12 மி.மீ. தட அகலம், அந்த அரை மி.மீ.-யைக் கண் மன்னித்துவிடும்.

இன்னும் சிக்குவது ஒன்று, ஓட்டுகிற பகுதிதான். களத்தில் குன்னூர் நிலையம் வந்தால் வேலை நிறைய: நீராவி எஞ்சின் கழன்று கொட்டகைக்குப் போக வேண்டும், டீசல் எஞ்சின் வந்து பூட்ட வேண்டும், வண்டி சற்றுத் தூரம் பின்னுக்கு வந்து பிறகு வெலிங்டன் பக்கம் ஏற வேண்டும். இதற்கு நடைமேடைத் தடம் இரண்டு, எஞ்சின் சுற்றிவர ஒன்று, கொட்டகைக்கு ஒன்று, ஆக நாலு தடமாவது வேண்டும். நாலும் சமதளத்தில் இருக்கட்டும், அப்போது பிரிதடத்துக்குள் பற்சட்டத்தை வெட்டிப் பொருத்தும் தொல்லை இல்லை. இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் எஞ்சினையும் ஒருவர் பிரிதடங்களையும் பார்த்துக்கொண்டு, கால அட்டவணைப்படி ஒரு மாலை முழுக்க இதை ஓட்டுவதற்கு என்ன பெயர்? ‘அமர்வு’ என்று எழுதினால் கூட்டம் போட்டதுபோல் இருக்கிறது. ‘ஓட்டம்’ என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். “இன்றைய ஓட்டத்தில் மூன்று வண்டி மேலே, இரண்டு கீழே.” அருவங்காட்டு ஐயா என்ன சொல்கிறீர்கள்?