கன்றுக்குக் கழிச்சல், கிடேரிக்குத் தாடை வீக்கம்: ஒரே பூச்சி மருந்து போதுமா?

நிபோங்திபால்_தொழுவம்: வணக்கம். செம்பனைக்கு அடியில் மேயும் மாடுகள். 18 நாள் கன்று களிமண் நிறத்தில், கடும் நாற்றத்தோடு கழிகிறது. ஒன்றரை வயதுக் கிடேரிக்குத் தாடைக்குக் கீழே பைபோல் வீக்கம். ஆறு வாரம் முன்பு பெரிய மாடுகள் எல்லாவற்றுக்கும் ஆல்பெண்டசோல் (10%) தலைக்கு 10 மில்லி ஊற்றியாயிற்று. அதையே திரும்ப ஊற்றலாமா?

கால்நடை_பிறை: வேண்டாங்க, இரண்டும் வேறு வேறு கோளாறு. கன்றின் வாயை முகர்ந்து பாருங்கள். புளித்த வெண்ணெய் வாடை அடித்தால் பெரிய உருண்டைப்புழுவாக இருக்கலாம். அது புல்லில் இருந்து வருவதில்லை, தாய்ப்பாலில் வருகிறது. அதனால்தான் பிறந்த 10 முதல் 16 நாளுக்குள் மருந்து கொடுப்பது. புழு முட்டையிடும் முன்பே செத்துவிடும். இப்போதும் கொடுக்கலாம்: லெவமிசோல், கிலோவுக்கு 7.5 மில்லிகிராம். 40 கிலோ கன்றுக்கு 300 மில்லிகிராம், அதற்கு மேல் கூடாது. கூடினால் எச்சில் ஒழுகும், உடம்பு நடுங்கும். ஊற்றும்போது மூக்கு கண் மட்டத்துக்கு மேல் போகக் கூடாது. இருமினால் உடனே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மருந்து நுரையீரலுக்குப் போகும். சாணத்தில் ரத்தம் தெரிந்தால் காக்சிடியாவாக (கண்ணுக்குத் தெரியாத குடல் ஒட்டுண்ணி) இருக்கலாம். அதற்குப் பூச்சி மருந்து கேட்காது.

சாணி_சோதனை: கிடேரியின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் ரத்தசோகை; புழுவால் ரத்தம் குறைந்தால் தாடைக்குக் கீழே இப்படி வீங்கும். மார்புச் சுற்றும், தோள் முனையிலிருந்து பின் எலும்பு வரை நீளமும் சென்டிமீட்டரில் அளந்து சொல்லுங்கள். 'தலைக்கு 10 மில்லி' என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

நிபோங்திபால்_தொழுவம்: இமை வெளுத்திருக்கிறது. சுற்று 138, நீளம் 118.

சாணி_சோதனை: 138 × 138 × 118, வகுத்தல் 10,840. ஏறக்குறைய 207 கிலோ. உருண்டைப்புழுவுக்கே 15.5 மில்லி வேண்டும், கல்லீரல் தட்டைப்புழு என்றால் 21. நீங்கள் ஊற்றியது அரைகுறை. பிழைத்த புழுதான் மருந்துக்குப் பழகி, அடுத்த தலைமுறையைப் பெருக்கும். புட்டியைக் குலுக்காமல் ஊற்றினாலும் இதே கதைதான், மருந்து அடியில் தங்கிவிடும்.

அடுத்த டோஸுக்கு முன் ஆசனவாயிலிருந்தே 10 கிராம் சாணம் எடுத்து, ஐஸ் பெட்டியில் (உறைய விடாமல்) புக்கிட் தெங்ஙா கால்நடை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோங்கள். படிவுச் சோதனையும் (சாணத்தைக் கரைத்து, அடியில் படிவதைப் பார்ப்பது) கேளுங்கள். தட்டைப்புழு முட்டை கனமானது, மிதப்புச் சோதனையில் தெரியாது. மருந்து கொடுத்த 14ஆம் நாள் முட்டையைத் திரும்ப எண்ணச் சொல்லுங்கள். முட்டை 95 விழுக்காடு குறையவில்லை என்றால் மருந்து வகையையே மாற்ற வேண்டும்.

கால்நடை_பிறை: காளையும் கூட மேய்கிறதா? சினை பிடித்து 45 நாளுக்குள் ஆல்பெண்டசோல் ஆகாது. இமை அவ்வளவு வெளுத்த மாட்டை நடத்தாமல் நிழலில் கட்டிப் போட்டு, இன்றே மருத்துவரை வரவழையுங்கள்.