பேச்சியம்மன் படையல்: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எங்கள் குலதெய்வம் ஐயனார். வரும் சிவராத்திரிப் படையல் என் பொறுப்பு. இதுவரை பார்த்துவந்த பெரியப்பா இப்போது இல்லை.

ஐயனார் சைவம், சர்க்கரைப் பொங்கல் போதும். காவல் நிற்கும் கருப்பனுக்குக் கிடாயும் சுருட்டும். கிடா வெட்டும்போது ஐயனார் சன்னதியைத் திரை போட்டு மறைத்துவிடுவோம். இதெல்லாம் சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான்.

குழப்பம் பேச்சியம்மனிடம். பெரியப்பாவின் நோட்டில், பென்சிலில், பாதி அழிந்து இப்படி இருக்கிறது: “கன்னிமாருக்கு ஏழு இலை. பேச்சிக்குத் தனி.” தனி இலையா, தனிச் சமையலா? சித்தப்பா கோழி என்கிறார், பெரியம்மா பொங்கல் மட்டும்தான் என்று சண்டைக்கே வருகிறார். ஐயனார் கோயிலில் பேச்சியம்மனும் இருக்கிற குடும்பத்தார், உங்கள் வழக்கத்தைச் சொல்லுங்களேன். அப்புறம், பேச்சிக்கு முதலிலா, கருப்பனுக்கு முதலிலா?