கூண்டில் நின்றவளுக்காக ஒரு குரல்

விஜய் தெண்டுல்கர் மராத்தியில் எழுதி, 1967இல் முதலில் மேடையேறிய 'சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே' ('அமைதி! கோர்ட் நடக்கிறது') நாடகத்தை எங்கள் குழு தமிழில் போட்டது. வங்கி, பள்ளிக்கூடம், மருந்துக்கடை என்று ஆளுக்கொரு வேலை. ஒத்திகை ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான். நாடகமும் எங்களைப் போன்ற ஒரு அமெச்சூர் குழுவைப் பற்றியதே. வெளியூரில் ஆட்டம் போட வருகிறார்கள். வராத நடிகருக்குப் பதிலாக உள்ளூர்க்காரர் சாமந்தைப் பிடித்து, அவருக்குக் கோர்ட் நடைமுறை புரியட்டும் என்று விளையாட்டாக ஒரு பொய் வழக்கு நடத்துகிறார்கள். கூட வந்த ஆசிரியை லீலா பேணாரே மேல் சிசுக்கொலைக் குற்றச்சாட்டு. விளையாட்டு போகப்போக அவளுடைய சொந்த வாழ்க்கையைக் கிளற ஆரம்பித்துவிடுகிறது.

எனக்கு வக்கீல் சுகாத்மே வேஷம். வக்கீல் என்றாலே குரல் ஏறிவிடும். இயக்குநர் அதற்கு இடமே தரவில்லை. "கேலி பண்ற சிநேகிதன் மாதிரியே கடைசிவரைக்கும் பேசுங்க" என்றார். அப்படிப் பேசியபோதுதான் அந்த வசனங்களின் கொடூரம் எனக்கே உறைத்தது.

ஆட்டத்தன்று முதல் பகுதிக்கு நல்ல சிரிப்பு. சாட்சிகள் பேணாரேயின் கர்ப்பத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் பின்வரிசையில் இரண்டு பேர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அப்புறம் அவர்களும் நிறுத்திவிட்டார்கள். தன் தரப்பைச் சொல்ல நீதிபதி அவளுக்குப் பத்து வினாடி தருவார். அவள் வாய் திறக்கவில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு வயதான அம்மா சத்தமாகவே சொன்னார்: "பேசும்மா, பேசு!"

நடித்த பெண் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கூண்டாக வைத்திருந்த நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்திருந்தவர், ஒவ்வொரு விரலாக விடுவித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். நாங்கள் எல்லோரும் சிலையாக நின்றோம். அந்த நீண்ட பேச்சைப் பாதியாக வெட்டலாம் என்று குழுவுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்திருந்தது. நல்லவேளை, வெட்டவில்லை. கோர்ட்டில் இருக்கும் யார் காதிலும் அந்தப் பேச்சு விழுவதில்லை. கேட்பது பார்வையாளர்கள் மட்டும்தான். அந்த அம்மா கேட்டதற்குப் பதில் அவருக்குக் கிடைத்தது.

இதைப் போட நினைக்கும் குழுக்கள் அந்த இடத்தில் பின்னணி இசை சேர்க்க வேண்டாம். பேணாரே வேஷத்துக்கு ஆள் எடுக்கும்போதும், வசனம் பேசவைத்துப் பார்ப்பதைவிட, மற்றவர்கள் பேசும்போது எப்படிக் கேட்கிறார் என்று பாருங்கள். இரண்டாம் பாதியில் அவருக்குப் பெரும்பாலும் அதுதான் வேலை.