ஒழுங்கை மடத்துக்கு டைல்ஸ் பதிக்கலாமா?

ஒழுங்கைக்காரன்:
யாழ்ப்பாணத்தில், நல்லூர்ப் பக்கம் எங்கள் ஒழுங்கை (சிறு தெரு) முகப்பில் வழிப்போக்கர் தங்குகிற ஒரு பழைய மடம், அதோடு கேணி, சுமைதாங்கி, மாடுகள் உடம்பை உரசுகிற ஆவுரோஞ்சிக்கல் எல்லாம் இருக்கின்றன. வெளிநாட்டு ஊர்க்காரர் காசு தரத் தயார். சனசமூக நிலையக் கூட்டத்தில் பலரும் சொல்வது, தூண்களுக்குச் சீமெந்து பூசி, நிலத்துக்கு டைல்ஸ் பதித்து, முகப்பில் உபயகாரர் பெயரைப் பொறித்துவிடலாம் என்று. எனக்கு மனமில்லை. ஆனால் ‘அப்ப இடிஞ்சு விழட்டுமோ?’ என்று கேட்கிறார்கள், அதுவும் நியாயம்தானே. தொல்லியல் திணைக்களத்திடம் போவதா, நாங்களே பார்ப்பதா?

சுண்ணாம்புக்கை:
என்ன செய்தாலும் சீமெந்தை அண்டவிடாதீர்கள். பழைய சுவர் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். உள்ளே ஏறும் ஈரம் சாந்து வழியாகவே வெளியேறும். மேலே சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, எங்கள் ஊர் உப்புக்குக் கல் பொருக்குப் பொருக்காக உதிரும், பூசிய சீமெந்தும் தகடாகக் கழன்று விழும். சுவரில் ஆலங்கன்று முளைத்திருக்கிறதா? மேலால் வெட்டினால் திரும்பத் தழைக்கும். வேர் தடிக்க முன் கிளப்பவேண்டும், அதுவும் ஐப்பசி மழைக்கு முன்னம்.

கந்தர்மடத்தாள்:
தம்பி, முதலில் காணி உறுதியை (பத்திரத்தை) தேடுங்கள். இப்படியான மடங்கள் பலவற்றுக்குத் தர்மசாதனம், அதாவது தர்மத்துக்கு எழுதிவைத்த பத்திரம், இருக்கும், பொறுப்பு யாருடையது என்று அதில் தெரியும். அப்புறம் இடம் மாநகரசபை எல்லையா, நல்லூர் பிரதேச சபை எல்லையா என்று பாருங்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த கட்டடத்தை வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்கலாம். அறிவித்த பிறகு அனுமதி இல்லாமல் நீங்கள் கை வைக்க முடியாது, அதையும் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். ஆனால் அறிவித்துவிட்டால் எல்லாம் சரி என்று இருக்காதீர்கள், திணைக்களம் நடுகிற அறிவிப்புப் பலகை வந்து கூரையைத் தாங்காது. நல்லூரில் இருக்கிற பழைய கட்டடமான மந்திரிமனையைப் போய்ப் பாருங்கள், அறிவித்தும் சிதைந்துதான் கிடக்கிறது.

பருத்தித்துறையான்:
எங்கள் தெருமூடி மடத்துக்குக் கீழால் இன்றும் வீதி போகிறது, சனம் தினம் கடக்கிறது. ஒரு கல் பெயர்ந்தாலும் நாலு பேர் கண்ணில் படும். உங்கள் மடத்தையும் கம்பிவேலி போட்டுப் பூட்டாதீர்கள். திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப் பந்தலை அதற்குள்ளேயே வையுங்கள், பின்னேரம் கிழவர்கள் இருந்து பேப்பர் வாசிக்கட்டும்.

ரொறன்ரோ அக்கா:
காசு அனுப்புகிற பக்கத்தில் இருந்து சொல்கிறேன். பெயர் போடாவிட்டால் சிலர் தரமாட்டார்கள், அது உண்மை. பெயர்க்கல்லைச் சுவரில் பதிக்காமல் வளவில் தனியாக நடுங்கள். இன்னொன்று, முழுக் காசையும் ஒரே தரம் கட்டட வேலையில் கொட்டவேண்டாம். பாதியை வங்கியில் போட்டால் வருசா வருசம் கேணி தூர்வாரவும் ஓடு மாற்றவும் உதவும். வேலை தொடங்க முன் ஒவ்வொரு தூணையும் அளந்து படம் எடுத்து வையுங்கள், ஈழத்து ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவைக்கிற நூலகம் நிறுவனத்திடம் கேட்டால் ஆவணப்படுத்த வழி சொல்லுவார்கள்.

ஒழுங்கைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. டைல்ஸ் ஓடரை நிற்பாட்டச் சொல்லியிருக்கிறேன், உபயகாரரோடு கதைக்கவேண்டியது இனித்தான். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன் யாராவது இருந்தால் தனிமடலில் சொல்லுங்கள், இங்கே விசாரித்தவரை எல்லாரும் சீமெந்துக்காரர்தான்.