பேஸ்பால் மைதானத்தில் ஐஸ் ஹாக்கி: ஐஸ் உருகாதா?

பனியன்காரன், திருப்பூர்:
லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிற சித்தப்பா பையன் பழைய போட்டோ ஒன்று அனுப்பினான். 2014 ஜனவரி, டாட்ஜர் ஸ்டேடியம். பேஸ்பால் ஆடுகிற இடத்தில் ஐஸ் தளம் போட்டு டக்ஸ், கிங்ஸ்னு ரெண்டு டீம் என்.எச்.எல். (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) மேட்ச் ஆடுகிறார்கள், 54,000 பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள், பின்னால் பனை மரம் நிற்கிறது! அன்றைக்குச் சாயங்காலம் கிட்டத்தட்ட 17 டிகிரியாம். நம்ம ஊர் மார்கழி விடிகாலை மாதிரிதானே அது. கல்யாண வீட்டுக்கு ஐஸ் கட்டி வாங்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பாதி தண்ணியாகிவிடுகிறது, அங்கே மட்டும் எப்படி நிற்கிறது? கீழே பிளாஸ்டிக் ஏதாவது போட்டு ஏமாற்றுகிறார்களா?

சேம்பர் ஆபரேட்டர், மேட்டுப்பாளையம்:
பிளாஸ்டிக் எல்லாம் இல்லைங்க, நிஜ ஐஸ்தான். நீங்க வண்டியில் ஏற்றின கட்டிக்கு அப்புறம் குளிர் கொடுக்க ஆள் கிடையாது, அதனால் கரைகிறது. ஐஸ் கம்பெனித் தொட்டியைப் பார்த்திருக்கீங்களா? கேனைச் சுற்றி உப்புத் தண்ணி ஓடிக்கொண்டே இருக்கும், கம்ப்ரசர் அதை ஜீரோவுக்குக் கீழேயே பிடித்து வைத்திருக்கும், வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஐஸ் பிடிக்கும். அங்கேயும் அதே சங்கதிதான். உப்புத் தண்ணிக்குப் பதில் கிளைக்கால், அதாவது ஜீரோவுக்குக் கீழேயும் உறையாத திரவம். மைதானத்தில் அலுமினியத் தட்டுகளைப் பரப்பி அதற்குள் ஓட விடுகிறார்கள், குளிர் மிஷின் மொத்தமும் வெளியே ஒரு நீள டிரக்கில் நிற்கும். தண்ணியை ஒரேயடியாகக் கொட்டுவதில்லை, வாழைக்கு மருந்தடிக்கிற மாதிரி மெலிசாகத் தெளித்து, அது இறுகினதும் அடுத்த சுற்று. 200 அடிக்கு 85 அடி தளம், 2 அங்குலம் கனம் ஏறுகிற வரைக்கும் பொறுமை வேணும்.

காற்றுச் சூட்டை விட நேர் வெயில்தான் எமன். டாட்ஜரில் பகலெல்லாம் வெயிலைத் திருப்பியடிக்கிற போர்வை போட்டு மூடி வைத்து, ஆட்டத்தை ராத்திரிக்கு வைத்தார்கள். மறுநாளே நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் ரேஞ்சர்ஸ், டெவில்ஸ் மேட்ச். அங்கே நல்ல குளிர், ஆனால் பகல் ஆட்டம். ஐஸ் மேல் வெயில் பட்டு ஒரே கூச்சம், ஒரு மணி நேரம் தள்ளித்தான் ஆரம்பிக்க முடிந்தது.

பெருந்துறை டு மினியாபோலிஸ்:
நான் நேரிலேயே பார்த்தேன், 2022 ஜனவரி 1, இங்கே டார்கெட் ஃபீல்டில். மைனஸ் 21. அவ்வளவு குளிரில் ஐஸ் விறைத்துச் சில்லுச் சில்லாகப் பெயரும் என்று கொஞ்சம் சூடு பண்ணினார்கள், கேட்டதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் 6-4 ஜெயித்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் ஹாக்கி பார்க்க அது லாயக்கான இடமே இல்லை. பேஸ்பால் நாற்காலி எங்கேயோ இருக்கிறது, தளம் எங்கேயோ இருக்கிறது, சுற்றிப் போட்ட பலகைக்கு இந்தப் பக்கம் பக் (ஹாக்கியில் பந்துக்குப் பதில் அடிக்கிற ரப்பர் வட்டு) வந்தால் கண்ணுக்கே தெரியாது, எல்லாரும் பெரிய திரையைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தோம். மூன்று ஜோடி சாக்ஸ் போட்டும் கால் விரல் மரத்துவிட்டது, கையில் இருந்த காபி முதல் பீரியடிலேயே ஐஸ் காபி. அடுத்த தடவை கூப்பிட்டாலும் போவேன், அது வேற விஷயம்.

பனியன்காரன், திருப்பூர்:
அப்படீன்னா நம்ம கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்தில் ராத்திரி போட்டால் நிற்குமாங்ணா?

சேம்பர் ஆபரேட்டர், மேட்டுப்பாளையம்:
மிஷின் பெரிசா இருந்தால் நிற்கும் தம்பி. ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வரும். அது ஐஸ் மேல் பட்டதும் பனியாகப் படிந்து சொரசொரப்பாகிவிடும், வழித்துக்கொண்டே இருக்கணும், கரண்ட் பில்லும் எகிறும். கிழங்கு மூட்டை ஏற்றும்போது எங்க கோல்டு ஸ்டோரேஜ் சேம்பர் கதவைப் பத்து நிமிஷம் சாத்தாமல் விட்டாலே முதலாளி சத்தம் போடுகிறார், நீங்க கூரையே இல்லாத சேம்பர் கேட்கிறீங்க.